கடலடியில் உலை எரியாது

வாசகர் கேள்விகளுக்குப் பினாங்கிலிருந்து பதில் எழுதுகிறார் நம் பத்தியாளர். பணி ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை, அறிவியல் புனைகதை எழுத்தாளர். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேற்றுலக இனங்களைப் படைப்பது பற்றியவை.

கேள்வி: அன்புள்ள டீச்சர், நான் படிவம் 6 மாணவன். ஒரு நாவல் எழுதி வருகிறேன். வியாழனின் நிலவான யுரோப்பாவை ஒத்த, பனி மூடிய கடல் உலகம். அங்கே எட்டுக் கைகளும் ஒளி ஊடுருவும் உடலும் கொண்ட அறிவுள்ள இனம் வாழ்கிறது. அவர்களிடம் பெரிய விண்கலங்கள் உண்டு. முதல் அத்தியாயத்தைப் படித்த நண்பன், “இவர்கள் மனிதர்கள்தானே, கைகள் மட்டும் அதிகம்” என்கிறான். குறிப்புகளை இணைத்திருக்கிறேன். எதை மாற்றலாம்?
— மாணவர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தம்பி, உங்கள் நண்பர் கூர்மையான வாசகர். அடுத்த அத்தியாயத்தையும் அவரிடமே காட்டுங்கள்.

உங்கள் குறிப்புகளை முழுவதும் படித்தேன். தோலின் நிறம், கண்களின் எண்ணிக்கை, அரசியின் கிரீடம், கலத்தின் நீளம் எல்லாம் இருக்கின்றன. நான் தேடியது மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் கலத்துக்கான உலோகத்தை இவர்கள் எங்கே உருக்கினார்கள்? கடலடியில் உலை எரியாது. நெருப்பில்லாமல் செம்பு இல்லை, இரும்பு இல்லை, கண்ணாடி இல்லை, சுட்ட செங்கல்கூட இல்லை. மனிதன் விண்ணுக்குப் போன பாதை அடுப்படியில் தொடங்கியது. உங்கள் ஆட்களுக்கு அந்த அடுப்பே கிடையாது. நாவல் இங்கேதான் பிறக்க வேண்டும்.

ஓர் இனத்தைப் படைக்கும்போது அதற்கு என்னென்ன முடியும் என்றுதான் எல்லாரும் பட்டியல் போடுகிறார்கள். என்னென்ன முடியாது என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு, ஒவ்வொரு திறமைக்கும் அவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். இந்தப் பத்தியில் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான் என் பதில்.

கடலடி வெந்நீர் ஊற்றுகளை அடுப்பாக வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பூமியில் அந்த ஊற்றுகளின் வெப்பம் 400 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும், இரும்புக்கு 1,538. போதாது. ஆனால் அதே ஊற்றுகள் இரும்பையும் செம்பையும் துத்தநாகத்தையும் கந்தகத்தோடு சேர்த்துக் கக்கிக்கொண்டே இருக்கின்றன. இந்தியப் பெருங்கடலின் ஆழத்தில் 2001-இல் ஒரு நத்தையைக் கண்டார்கள். அதன் பாதத்தைச் சுற்றி அடுக்கடுக்காகச் செதில்கள். செதில்களின் மேல் இரும்பு சல்பைடு படிந்திருக்கிறது. உலை இல்லாமலே கவசம் அணிந்த உயிர் அது!

உங்கள் இனம் உலோகத்தை உருக்க வேண்டாம், வளர்க்கட்டும். அவர்களுடைய பொறியாளர் ஒரு பண்ணைக்காரர். ஊற்றோரம் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்த சிப்பிகளின் ஓடுதான் கலத்தின் சுவர். ஒரு கலம் முதிர அறுபது ஆண்டுகள் ஆகட்டும். விதை போட்டவர் அதில் ஏறப்போவதில்லை. ஏறுகிறவருக்கு விதை போட்டவரைத் தெரியாது. யார் பெயரைக் கலத்துக்கு வைப்பது, பாதி வளர்ந்த கலத்தை எந்தக் குடும்பம் சொத்தாகக் கேட்கும், நோய் கண்ட ஓட்டை அழிக்கச் சொல்லும் துணிவு யாருக்கு வரும்? அரசியின் கிரீடத்தைவிட இந்தக் கேள்விகளில் நாடகம் அதிகம்.

அடுத்தது ஆயுள். எட்டுக் கை என்றதும் ஆக்டோபஸ் உங்கள் மனத்தில் இருந்திருக்கும். அதற்கு மூன்று இதயங்கள், ஏறக்குறைய 50 கோடி நரம்பணுக்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே இருக்கின்றன. அவ்வளவு அறிவிருந்தும் சாதாரண ஆக்டோபஸ் ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிடுகிறது. தாய் இரை எடுக்காமல் முட்டைகளைக் காத்துக் கிடந்து, குஞ்சுகள் பொரிக்கும் வேளையில் உயிரை விடுகிறாள். பிள்ளைக்கு அவள் எதையும் சொல்லித்தர முடியாது. ஒவ்வொரு குஞ்சும் எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே கற்க வேண்டும்.

வகுப்பறையில் வாழ்க்கையைக் கழித்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். விண்கலம் கட்டும் இனத்துக்கு எவ்வளவு பெரிய மூளை என்று கேட்பதற்கு முன், அங்கே யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்று கேளுங்கள். அரசியை எடுத்துவிட்டு, முட்டையிடாத பெரியம்மாக்களையும் அத்தைகளையும் கொண்டு வாருங்கள். முட்டையிடுகிறவள் அந்த ஆண்டே சாவாள். இடாதவள் நெடுங்காலம் வாழ்ந்து, இறந்துபோன அக்காள் தங்கையரின் பிள்ளைகளுக்குக் கற்பிப்பாள். ஒவ்வொரு பெண்ணும் ஒரு பருவத்தில் இரண்டில் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். உங்கள் கதாநாயகி அந்தப் பருவத்தில் நிற்கட்டும்.

இன்னொன்றை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். ஜூருவின் சேற்றுக் கரை உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. நீர் வற்றிய நேரத்தில், மலாயில் பெலாச்சாக் என்று சொல்லப்படும் மீன் சேற்றின் மேல் துடுப்புகளை ஊன்றி நடக்கும். கண்கள் இரண்டும் தலைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். தோல் காயத் தொடங்கினால் ஒருக்களித்துப் புரண்டு சேற்று நீரைப் பூசிக்கொள்ளும். சேற்றுக்குள் அது தோண்டிய வளையில் தேங்கிய நீரில் உயிர்வளி கிட்டத்தட்ட இல்லை. ஆனால் முட்டைகள் அங்கேதான் இருக்கின்றன, அறையின் கூரையில் ஒட்டியபடி. அந்த மீன் மேலே வந்து வாய் நிறையக் காற்றை அள்ளிக்கொண்டு உள்ளே போய் அந்த அறையில் விடுகிறது. மறுபடி வருகிறது, மறுபடி அள்ளுகிறது. பிள்ளைகள் பிழைக்கும் ஒரு சிறிய காற்றறையை அது சேற்றுக்குள் கட்டி வைத்திருக்கிறது. விண்வெளி நிலையத்தில் பொறியாளர்கள் செய்வதும் இந்த வேலைதான். உங்கள் இனத்தின் முதல் கலத்தைப் போர்வீரர்கள் கட்டியிருக்க வேண்டியதில்லை. பனி விரிசலின் வறண்ட ஓரங்களுக்கு நீரைச் சுமந்துபோய்க் குஞ்சுகளைக் காத்த செவிலிகள் கட்டியிருக்கலாம்.

வானத்தைப் பற்றி உங்கள் குறிப்பில் நிறைய இருக்கிறது. பனிக்கடியில் இருப்பவர்கள் வானத்தைப் பார்த்ததே இல்லை, தம்பி. அவர்களுக்கு அண்டம் என்றால் நீரும் அதற்கொரு கூரையும். யுரோப்பா மூன்றரை நாளுக்கு ஒருமுறை வியாழனைச் சுற்றி வருகிறது. அந்த ஈர்ப்பு இழுத்து விடுவதால் கூரை விரிசல் காண்கிறது. அந்த முனகல்தான் அவர்களுடைய நாள்காட்டி. அவர்களுடைய வானியலாளர், மேல்நோக்கித் துளையிடுகிறவர்.

கூரையின் தடிமன் 20 கிலோமீட்டர் என்று வைத்தால், அதற்கு நேர் கீழே அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப் போல 200 மடங்குக்கும் மேல். ஆகவே அவர்களுடைய கலம் பிரஷர் குக்கரைப் போல உள்ளழுத்தத்தைத் தாங்கி நிற்க வேண்டும். அது தாங்கவேண்டிய அழுத்தத்தோடு ஒப்பிட்டால் நம் விண்வெளி நிலையம் தாங்குவது ஒன்றுமே இல்லை. நீரையும் கொண்டுபோக வேண்டும். ஒரு கனமீட்டர் நீர் ஒரு டன். அதில் ஒரு நன்மையும் உண்டு. வியாழனின் கதிர்வீச்சு யுரோப்பாவின் மேற்பரப்பில் ஒரு நாள் பட்டாலே மனிதன் பிழைப்பது கடினம். நீர் அதைத் தடுக்கும். கூரையைத் துளைத்து வெளியே வந்துவிட்டால் போதும், விடுபடும் வேகம் நொடிக்கு 2 கிலோமீட்டர்தான். பூமியில் அது 11.2. மேலே வருவதற்கு நூறு தலைமுறை, பிறகு பறப்பதற்கு ஒரே தலைமுறை. இப்படிப்பட்ட வரலாறு நம்மில் யாருக்கும் இல்லை. உங்கள் நண்பர் இதைப் படித்த பிறகு அவர்களை மனிதர்கள் என்று சொல்ல மாட்டார்.

கேள்வி: மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு, என் கதையில் வேற்றுலக மக்கள் 4.2 ஒளியாண்டு தொலைவிலுள்ள அடுத்த விண்மீனுக்கு 300 ஆண்டுகள் பயணம் செய்கிறார்கள். அவர்களுக்குச் சமயமும் திருவிழாக்களும் வேண்டும். எதை எழுதினாலும் நம் கோயில் திருவிழாவின் நகலாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அம்மா, முதலில் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 ஆண்டுகளில் போய்ச் சேர நொடிக்கு ஏறக்குறைய 4,200 கிலோமீட்டர் வேண்டும். 1977-இல் புறப்பட்ட வாயேஜர் 1-இன் வேகம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர். அதைப் போல 250 மடங்கு. இவ்வளவு செலவு செய்து ஓர் இனம் தன் மக்களை அனுப்புகிறது என்றால் ஏதோ ஒரு பெரிய கட்டாயம் இருக்கிறது. அந்தக் கட்டாயம் சமயத்திலும் தெரிய வேண்டும்.

நகலாகிவிடுமோ என்ற கவலைக்கு வருகிறேன். தேர், விளக்கு, மேளம் என்று வெளித்தோற்றத்திலிருந்து தொடங்கினால் நகல்தான் வரும். கடமையிலிருந்து தொடங்குங்கள். சமயக் கடமை ஒன்று ஒரு திசையோடோ பொழுதோடோ மண்ணோடோ கட்டுண்டிருக்கும். கலம் புறப்பட்டதும் மூன்றும் இல்லாமல் போகின்றன. பிறகு என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்விக்கு நம் நாடு உண்மையிலேயே பதில் தேடியிருக்கிறது. 2007 அக்டோபர் 10 அன்று, ரமலான் மாதத்தில், டாக்டர் ஷேக் முஸாபார் சுக்கோர் பைக்கனூரிலிருந்து விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். நிலையம் ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடுகிறது. ஒரு நாளில் 16 சூரிய உதயம். ஐந்து வேளைத் தொழுகையை எந்த உதயத்தை வைத்துக் கணக்கிடுவது? எந்தப் பக்கம் திரும்பித் தொழுவது? மலேசிய சமய அறிஞர்கள் கூடிப் பேசி ஒரு வழிகாட்டியை எழுதினார்கள். நேரத்துக்கு, புறப்பட்ட இடத்தின் நேரம். திசைக்கு, இயன்றவரை காபாவை நோக்கி. இயலாவிட்டால் காபாவுக்கு நேர் மேலேயுள்ள வெளியை நோக்கி. அதுவும் இயலாவிட்டால் பூமியை நோக்கி. எதுவுமே இயலாவிட்டால் எந்தத் திசையானாலும் சரி.

அந்தப் படிவரிசை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு நம்பிக்கை தன்னை எவ்வளவு தூரம் நீட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறது என்பதைப் படிப்படியாக அது காட்டுகிறது. உங்கள் மக்களுக்கும் அப்படியொரு வரிசையை எழுதுங்கள். அதில் எந்தப் படியில் சிலர் நின்றுவிடுகிறார்கள், எந்தப் படிக்குச் சிலர் போகத் துணிகிறார்கள் என்பதே கலத்துக்குள் இரண்டு பிரிவுகளை உண்டாக்கிவிடும்.

காலத்துக்கும் இது பொருந்தும். பினாங்குத் தண்ணீர்மலையில் தைப்பூசம் பூச நட்சத்திரத்தையும் முழுநிலவையும் பார்த்து வருகிறது. நிலவில்லாத கலத்தில் யார் நாள் குறிப்பது? ஊர்க் கணக்கை ஓட்டிக்கொண்டே போவார் ஒருவர், கலத்துக்கென்று புதுக் கணக்கு தொடங்குவார் இன்னொருவர். சொந்த ஊரில் நாள்காட்டியைத் திருத்தினாலும் அந்தச் செய்தி பயணத்தின் முடிவில் 4.2 ஆண்டுகள் கழித்துத்தான் வந்து சேரும். அதுவரை கொண்டாடிய திருவிழாக்கள் செல்லுமா செல்லாதா?

என் பாட்டி ரஜூலா கப்பலில் வந்தவர். 1926-இல் கட்டப்பட்ட கப்பல் அது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிப் பினாங்கில் இறக்கியது. ஊரில் அவர் சூரியன் உதிக்கும் நேரத்தில் பொங்கல் வைத்துப் பழகியவர். கெடாவில் அவர் வேலை செய்த ரப்பர் தோட்டத்தில் விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும், லீவு கிடையாது. மரம் வெட்டி, பால் எடுத்து, எடை போட்டு, தோட்டக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பிய பிறகுதான் அடுப்பு மூட்டினார். நடுப்பகலைத் தாண்டிப் பால் பொங்கும். அங்கேயே பிறந்த என் அம்மாவுக்குப் பொங்கல் என்றாலே பிற்பகல் பண்டிகை. விடியலில் வைப்பதுதான் முறை என்று யாரோ சொன்னபோது, அது வேறு ஊர்க்காரர்களின் வழக்கம் என்று அம்மா சாதித்தார்.

கலத்தில் பிறந்த மூன்றாம் தலைமுறை இப்படித்தான் பேசும். வேலை நேரம் சடங்கை நகர்த்தும்; நகர்ந்த இடமே மரபாகும்; அதற்குப் பிறகு ஒரு விளக்கமும் முளைக்கும். உங்கள் கலத்தில் காற்றுச் சுத்திகரிப்புப் பணி எந்த நேரத்தில் மாறுகிறது, எந்தப் பருவத்தில் உணவுப் பங்கீடு குறைகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். திருவிழா எங்கே உட்காரும் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: என் கதையின் கோளுக்குப் பூமியைப் போல மூன்று மடங்கு நிறை, ஒன்றரை மடங்கு விட்டம். அங்கிருந்து ராக்கெட் ஏவ முடியுமா?
— தொழிற்சாலைப் பொறியாளர், பாயான் லெப்பாஸ்

பதில்: முடியும், கடுமையான விலையில். அங்கே 60 கிலோ எடையுள்ளவர் 80 கிலோவாக உணர்வார். அது பெரிய தடையில்லை. தடை எரிபொருளில் இருக்கிறது. நல்ல ஹைட்ரஜன் எஞ்சினில் வெளியேறும் வாயுவின் வேகம் நொடிக்குச் சுமார் 4.5 கிலோமீட்டர். பூமியின் சுற்றுப்பாதையை எட்ட, இழப்புகளையும் சேர்த்து, 9.4 கிலோமீட்டர் வேகம் தேவை. கணக்குப் போட்டால், மேலே போய்ச் சேரும் ஒவ்வொரு டன்னுக்கும் தரையில் 8 டன் நிற்க வேண்டும். உங்கள் கோளில் தேவையான வேகம் 13.3, எனவே 8 டன் 19 டன்னாகிவிடும். மேலே போகும் அந்த ஒரு டன்னில் தொட்டியும் எஞ்சினும் அடக்கம் என்பதை மறந்துவிடாதீர்கள். பயணிக்கு மிஞ்சுவது மிகக் குறைவு.

அப்படியானால் அங்கே விண்ணுக்குப் போகிறவர்கள் யார்? உடல் சிறுத்தவர்கள். சிறு உடல் வாய்ந்த குடும்பங்களுக்கு மதிப்பு ஏறும். பிள்ளைக்கு வயிறார உணவு கொடுப்பதா, விண்ணுக்கு அனுப்பும் ஆசையில் குறைப்பதா என்ற கொடுமையான கேள்வி வீடுதோறும் எழும். அதை எழுத உங்களுக்கு மனத்திடம் இருந்தால் இந்தக் கோளை மாற்ற வேண்டாம்.

கேள்வி: ஒரு கோளில் எல்லாருமே போர் வெறியர்கள், இன்னொரு கோளில் எல்லாருமே வணிகர்கள் என்று வைத்திருக்கிறேன். வாசகருக்குப் புரிவது எளிது. சரிதானே?
— வாசகர், தைப்பிங்

பதில்: சரியில்லை ஐயா. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. ஒரு கோள் முழுவதற்கும் ஒரே குணம் என்பது, நம்மைப் பற்றிப் பிறர் சொல்லும்போது நமக்கு வலிக்கிற அதே பேச்சு.

ஜார்ஜ் டவுனுக்கு வாருங்கள். 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்திலிருந்து நடந்தால், சீனரின் கருணைத் தெய்வக் கோயில், குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாமே அடுத்தடுத்து வரும். இதற்குக் காரணம் காற்று. பாய்மரக் காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த வணிகர், திரும்பிப்போக வடகிழக்குக் காற்று பிறக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார். காத்திருந்தவர் கடை போட்டார், கும்பிட இடம் கட்டினார், மணம் செய்தார். தமிழ் முஸ்லிம் வணிகருக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளின் வழி ஜாவிப் பெரானாக்கான் என்ற சமூகமே இங்கே உருவானது.

கோள்களுக்கிடையிலும் காத்திருப்பு உண்டு. பூமியிலிருந்து செவ்வாய்க்கு வசதியான புறப்பாடு 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. உங்கள் போர் வெறியர்களும் வணிகர்களும் ஏதோவொரு துறைமுக நிலவில் அடுத்த புறப்பாட்டுக்காகத் தங்கத்தான் வேண்டும். அங்கே பிறக்கும் பிள்ளை இரண்டு வீட்டுச் சமையலையும் உண்டு வளரும், இரண்டு பக்கத்துக் கணக்கையும் அறிந்திருக்கும், இரண்டு பக்கத்துச் சந்தேகத்தையும் தாங்கும். கதையை அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: டீச்சர், நான் வேற்றுக்கிரகவாசி படம் வரைந்தேன். இரத்தத்துக்குப் பச்சை நிறம் அடித்தேன். அப்படி இருக்காது என்று அண்ணன் சொல்கிறார். இருக்குமா?
— ஐந்தாம் ஆண்டு மாணவி, தமிழ்ப்பள்ளி, பட்டர்வொர்த்

பதில்: இருக்கும், கண்ணம்மா. இதற்கு வேறு கிரகம்கூட வேண்டாம். நியூ கினித் தீவில் சில அரணைகளுக்குப் பச்சை இரத்தம். அவற்றின் உடலில் பச்சை நிறப் பித்தப்பொருள் அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கிறது. நம் கடற்கரையில் பெலாங்காஸ் என்ற குதிரைலாட நண்டு இருக்கிறதல்லவா? அதன் இரத்தம் நீலம். நம் இரத்தத்தில் இரும்பு செய்கிற வேலையை அங்கே செம்பு செய்கிறது. ஊசி மருந்துகளில் கிருமி நஞ்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க அந்த நீல இரத்தத்தைப் பயன்படுத்துகிறார்கள். அண்டார்டிகாவின் பனிமீனுக்கோ இரத்தத்தில் நிறமே இல்லை. குளிர்ந்த நீரில் உயிர்வளி நிறையக் கரைந்திருப்பதால், சிவப்பணு இல்லாமலே அது சமாளித்துக்கொள்கிறது.

ஆகவே நீ எந்த நிறம் அடித்தாலும் சரி. ஒன்று மட்டும் செய். அந்த இரத்தத்தில் என்ன இருப்பதால் அது பச்சையானது, அதனால் அந்த உயிருக்கு என்ன நன்மை, என்ன கஷ்டம் என்று படத்தின் ஓரத்தில் எழுது. அண்ணனையும் ஒரு படம் வரையச் சொல். இரண்டையும் அனுப்பி வை. அடுத்த இதழில் வெளியிடும்படி ஆசிரியரிடம் கேட்கிறேன்.